எட்டுப் புள்ளி இரண்டு

ஜனவரி 6, திங்கள்

மருந்து கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் இருமல் மருந்தின் பெயர் அச்சிட்டிருக்கிறது. இருமுகிறவனால் டைரி எழுத முடியாது, டைரி எழுதுகிறவனுக்கு இருமல் இருக்காது என்பது என் கருத்து. கருத்துகளுக்கு என்னிடம் என்றைக்கும் தட்டுப்பாடு இருந்ததில்லை.

பிற்காலத்தில் யாராவது படிக்கக்கூடும் என்ற நப்பாசையில் என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். கோமதிநாயகம், வயது நாற்பத்தாறு. பாளையங்கோட்டையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நுரையீரல் பரிசோதனை அறையின் டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பதால் பாதிப் பேர் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். அதை மட்டும் நான் திருத்துவதில்லை. மற்றபடி எல்லாரையும் எல்லாவற்றிலும் திருத்துவேன்.

வீட்டில் இப்போதைக்குத் தனியாக இருக்கிறேன். மனைவி உலகம்மாள் கோவில்பட்டியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அண்ணன் மகளுக்குப் பிரசவம், ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். அவளை நான் உலகு என்று கூப்பிடுவேன். “உலகு இல்லாத வீட்டில் இருக்கிறேன்” என்று பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் சொன்னேன். அவர் அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டு நெடுநேரம் தலையாட்டினார்.

சாப்பாடு: சோறு குழைந்துவிட்டது. ரசமும் குழைந்துவிட்டது. ரசம் எப்படிக் குழையும் என்று கேட்கக் கூடாது.

ஜனவரி 7, செவ்வாய்

இன்றைக்குப் புதிதாக வந்த ஒரு தாய், “இது என்ன டெஸ்ட்டு சார்?” என்று கேட்டுவிட்டார். எனக்குப் பொங்கல் முன்கூட்டியே வந்த மாதிரி ஆயிற்று. சொன்னேன்.

நாம் இழுக்கிற காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன். அது நுரையீரலுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். பிள்ளையின் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, சுத்தமான ஆக்சிஜனை மட்டும் சுவாசிக்க வைப்போம். மூச்சுக்கு மூச்சு உள்ளே இருக்கிற நைட்ரஜன் குறைந்துகொண்டே வரும். மாவுப் பானையைக் கழுவுகிற மாதிரிதான். வழுவழுப்பான பானை என்றால் ஆறேழு தடவை தண்ணீர் ஊற்றினால் போதும். உள்ளே பொந்தும் இடுக்கும் இருந்தால் எட்டு, ஒன்பது, பத்து என்று ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பானை எவ்வளவு பெரியது, அதைச் சுத்தமாக்க எத்தனை பானைக் காற்று செலவாயிற்று, இரண்டையும் கருவி சொல்லிவிடும். ஏழரைக்கு மேலே போனால் காற்று எல்லா மூலைக்கும் சீராகப் போகவில்லை என்று அர்த்தம். சனீஸ்வரனுக்கும் எங்கள் துறைக்கும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு கிடையாது.

பிள்ளைகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எப்போதும் போல மூச்சு விட வேண்டும். அதுதான் யாராலும் முடிவதில்லை. வேகமாக ஊதச் சொன்னால் ஊதிவிடுவார்கள். சும்மா மூச்சு விடு என்றால் உடனே மூச்சு என்பது ஒரு வேலையாகிவிடுகிறது.

செவ்வாய்தோறும் கருவி சரியாக இருக்கிறதா என்று என்னையே சோதித்துப் பார்ப்பது வழக்கம். இன்றைக்கு 7.9. இரண்டு வருஷமாக இதே கதை. புகை பிடித்ததில்லை, தூசியில் வேலை பார்த்ததில்லை. காரணத்தை நானே கண்டுபிடித்தேன்: உலகு அடுக்களையில் வற்றலும் மோர் மிளகாயும் வறுக்கிற நெடி. வறுப்பதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். எண் அப்படியும் இறங்கவில்லை. ஏற்கெனவே சேதம் நடந்துவிட்டது என்று அவளிடம் விளக்கினேன்.

ஜனவரி 10, வெள்ளி

கருவியை எங்களுக்கு விற்ற கம்பெனியிலிருந்து கடிதம். மிகப் பணிவான கடிதம். பணிவு கூடக்கூட விஷயம் மோசம் என்பது என் அனுபவம்.

இந்தக் கருவி நைட்ரஜனை நேரே பார்ப்பதில்லை. ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் அளந்து, மொத்தத்தில் கழித்து, மிச்சம் நைட்ரஜன் என்று சொல்லும். பந்தியில் சாப்பிட்டவர்களை எண்ணாமல், காலி இலைகளைக் கழித்துக் கணக்குச் சொல்கிற ஆளைப் போல. இப்போது தெரிந்திருப்பது என்னவென்றால், இரண்டு உணரிகளும் ஒன்றின் வேலையில் மற்றது மூக்கை நுழைத்திருக்கின்றன. அதனால் பானை வெளுத்த பிறகும் “இன்னும் மாவு ஒட்டியிருக்கிறது, ஊற்று” என்று கருவி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லா எண்களும் கூடுதலாக வந்திருக்கின்றன. புதிய மென்பொருளில் பழைய பதிவுகளைப் போட்டால் சரியான எண் கிடைக்கும். எல்லைக்கோட்டையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டுமாம்.

எங்கள் பிரிவின் டாக்டர் ஜெசிந்தா கடிதத்தை இரண்டு முறை படித்தார். “எத்தனை ஃபைல் இருக்கு?” என்றார். இருநூற்றுப் பன்னிரண்டு என்றேன். “ஒண்ணு விடாம போடுங்க” என்றார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது, அடுப்பின் மேல்.

உலகுவுக்குப் போன் செய்தேன். குழந்தை குப்புற விழுந்துவிட்டதாம். அதுவும் கோவில்பட்டியில் இல்லையாம். தாயும் பிள்ளையும் சாத்தூருக்கு மாமியார் வீட்டுக்குப் போய் மாதம் ஒன்றாகிறது. ஒத்தாசைக்குப் போனவள் இன்னும் அங்கேயே இருக்கிறாள். யாருக்கு ஒத்தாசை என்று நான் கேட்கவில்லை. பண்டிகை நாளில் எதற்கு.

ஜனவரி 18, சனி

இதுவரை தொண்ணூற்றாறு ஃபைல். ஆர்வம் தாங்காமல் என் ஃபைலையும் போட்டுப் பார்த்தேன். 6.7. முந்தின வாரம் 6.6. அதற்கு முந்தின வாரம் 6.7. இரண்டு வருஷமும் நான் குதிரை மாதிரி இருந்திருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

உலகுவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எது தெரிந்தாலும் சொல்லாமல் இருக்க முடியாது என்பதுதான் என்னைப் பற்றி அவள் வைத்திருக்கும் நீண்டநாள் புகார்.

“மெஷின்லதான் கோளாறாம். எனக்கு ஒண்ணும் இல்ல. உன் வத்தல் நெடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாகத்தான் நினைப்பு.

“ரெண்டு வருசமா நான் வத்தலே வறுக்கல. தெரியும்லா?” என்றாள்.

“தெரியும். நாந்தானே வேண்டாம்னேன்.”

“மோர் மிளகா எனக்கு எம்புட்டுப் பிடிக்கும்னு தெரியுமா?”

தெரியாது. இருபத்தொரு வருஷம் ஒரே அடுக்களையில் சாப்பிட்டிருக்கிறோம். அது எனக்காக வறுக்கப்படுகிறது என்றே நினைத்திருந்தேன்.

“சரி, வேலை கிடக்கு. வைக்கேன்” என்று வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

ஜனவரி 21, செவ்வாய்

147ஆம் ஃபைல். ஆவுடைச்செல்வி, வயது ஒன்பது. பழைய எண் 8.2. புதிய எண் 6.8.

நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் போட்டேன். 6.8. இறக்கிய எல்லைக்கோட்டுக்கும் உள்ளேதான்.

கொண்டாட வேண்டிய செய்தி. திரையை அணைத்துவிட்டேன். ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

ஆவுடைக்குச் சின்ன வயதில் மூன்று தடவை நிமோனியா வந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளைச் சோதனைக்கு அழைத்து வந்தது அவள் அம்மா இசக்கியம்மாள். அப்பா ஆறுமுகநயினார் பேட்டையில் மாவு மில் வைத்திருக்கிறார். மிளகாய், மல்லி, கோதுமை எல்லாம் அரைக்கிற மில். வீடு அதற்குப் பின்னாலேயே. சோதனை முடிந்ததும் இசக்கியம்மாள், “நம்பர் எவ்வளவு சார் வந்துச்சு?” என்று கேட்டாள்.

இதற்கு என் தொழிலில் ஒரே ஒரு விடைதான் உண்டு: டாக்டர் சொல்லுவாங்க. சுவரில்கூட எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டியவன் நான்.

“எட்டுப் புள்ளி ரெண்டும்மா. ஏழரைக்கு மேல போகக் கூடாது” என்றேன். அவள் முகம் மாறியதும் எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. ஒருவர் நம் பேச்சைக் கவனித்துக் கேட்கிறார் என்பது லேசான விஷயமா. “மில்லுக்குப் பின்னால வச்சுப் பிள்ளைய வளக்காதீய. நானா இருந்தா செங்கோட்டைப் பக்கம் கூட்டிட்டுப் போயிருவேன். சாரல் காத்து. நுரையீரலைக் கழுவி விட்டிரும்” என்றேன். டாக்டர் ஜெசிந்தா சீட்டில் எழுதியிருந்தது, “ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்” என்று மட்டும்.

ஆறு மாதம் கழித்து அவர்கள் செங்கோட்டையிலிருந்து வந்தார்கள். தாயும் மகளும் அங்கே வீடு பிடித்துவிட்டார்கள். மில்லை விட்டுவிட்டு வர முடியாததால் ஆறுமுகநயினார் மட்டும் பேட்டையில். அன்றைக்கு எண் 8.0. “பாத்தீங்களா, காத்து வேலை செய்யுது” என்றேன். எனக்கென்று ஒரு பை நாரத்தங்காய் கொண்டுவந்திருந்தாள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய களைப்பில் அதை வாங்கிக்கொண்டேன்.

அந்த 8.0-உம் இப்போது அதே 6.8. அதாவது செங்கோட்டைக் காற்று ஒன்றும் செய்யவில்லை. செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஜனவரி 22, புதன்

டாக்டர் ஜெசிந்தா பட்டியலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இந்த ஆவுடைச்செல்வி ஏன் செங்கோட்டை போனா? நான் அப்படி எதுவும் எழுதலையே.”

“தெரியல மேடம். சொந்தக்காரங்க இருப்பாங்களாயிருக்கும்” என்றேன்.

இந்த ஒரு நாள் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

ஜனவரி 25, சனி

வயிறு சரியில்லை. ரசத்தின் மேல் சந்தேகம்.

ஜனவரி 27, திங்கள்

காரணம் ரசம் இல்லை. டாக்டர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், நாரத்தங்காய் உட்பட.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். “அந்தப் புருஷன் ரெண்டு வருஷமா தனியா இருக்காரா?” என்று கேட்டார். “ஆமா மேடம்.” “மூக்குக்கு மாட்டுற கிளிப்பை உங்க நாக்குக்கு மாட்டிருக்கணும் கோமதிநாயகம்.”

பிள்ளையை நேரில் வரவழைத்து மறுபடி சோதிக்க வேண்டும், விவரத்தை அவரே சொல்வார், நான் குழாயைப் பிடிப்பதோடு சரி. என்னை வேலையில் வைத்திருப்பதா என்பதைப் பிறகு யோசிப்பாராம். யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வந்தார்கள். ஆவுடை வளர்ந்திருக்கிறாள். தன் பெயர் பிடிக்கவில்லை என்று வந்ததும் முறையிட்டாள். “ஸ்கூல்ல எல்லாரும் ஆவி ஆவிங்காங்க சார்.” அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைத்த பாவம். இந்தச் சோதனையை இதுவரை நாலைந்து தடவை செய்துவிட்டாள். குழாயை அவளே வாயில் வைத்துக்கொண்டாள். திரையில் ஒரு பூனை எலியைத் துரத்தியது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு எப்போதும் போல மூச்சு விட்டாள். மூன்று தடவையும் கோடு ஒழுங்காக இறங்கியது. 6.9, 6.8, 6.8.

டாக்டர் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். கருவியின் தவறு, எங்கள் ஆளின் தவறு, வருத்தம், பிள்ளை நன்றாக இருக்கிறாள், பேட்டையிலேயே இருக்கலாம், மில் ஓடும்போது மட்டும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நான் கதவோரம் நின்றேன். இசக்கியம்மாள் அழுவாள் அல்லது என்னைத் திட்டுவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவள் மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டு “சரிங்க மேடம்” என்று மட்டும் சொன்னாள்.

பிறகு நடைபாதையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், அவியகிட்ட இதச் சொல்லாதீய.”

“யார்கிட்ட?”

“ஆவுடை அப்பாகிட்ட.”

“நல்ல செய்திம்மா இது.”

“உங்களுக்கு நல்ல செய்தி.” குரலைத் தாழ்த்தினாள். “அடிக்க மாட்டாவ, குடிக்க மாட்டாவ. நல்ல மனுசர்தான். ஆனா அந்த வீட்ல எட்டு வருசம் காம்பு கிள்ளுனேன் சார். காலைல எந்திரிச்சா மொளகா, படுக்கப் போனா மொளகா. செங்கோட்டைல ஒரு ஜெராக்ஸ் கடை போட்டிருக்கேன். ஆன்லைன்ல மனு போட்டுக் குடுக்கேன். வெளில இசக்கி ஜெராக்ஸுன்னு போர்டு இருக்கு. அந்த எட்டுப் புள்ளி ரெண்டை வச்சுத்தான் சார் நான் அங்க இருக்கேன்.”

ஆவுடை வந்து பேருந்துக்கு நேரமாகிறது என்று அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 5, புதன்

கணவனுக்குத் தெரியாமல் ஒருத்தி தன்பாட்டுக்கு ஒரு வாழ்க்கை நடத்துவது சரியா என்று நாள் முழுக்க யோசித்தேன். பொதுவாகத்தான் யோசித்தேன். இதற்கும் என் வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

எல்லாக் குடும்பங்களுக்கும் விளக்கக் கடிதம் போகிறது. முகவரிப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கும் முகவரியை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். ஆவுடையின் முதல் பக்கத்தில் இருப்பது பேட்டை மில்லின் முகவரி. செங்கோட்டை முகவரி உள்ளே மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. திருத்தியிருக்கலாம். அன்றைக்கு எனக்குத் தலைவலி.

‘அன்றைக்கு’ என்று எழுதிவிட்டேன். இன்றைக்குத்தான்.

பிப்ரவரி 12, புதன்

ஆறுமுகநயினார் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் மல்லி வாசனை வந்தது. காத்திருந்த ஒரு குழந்தை தும்மியது. ஐம்பது வயதிருக்கும், புருவத்தில் எல்லாம் மாவு. அவர் கையில் எங்கள் கடிதம் நான்காக மடிந்திருந்தது. டாக்டர் வெளியூரில் இருந்தார்.

“இங்கிலீசுல நெறைய எழுதியிருக்கு சார். புள்ளைக்கு நல்லாத்தானே இருக்கு?”

டாக்டர் சொல்லுவாங்க. அந்த வாசகம் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. ஆனால் இந்த மனிதரை நாளை வரச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். “சொல்லுங்க. அவர் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்றார்.

“நல்லா இருக்கா அண்ணாச்சி. ஒரு குறையும் இல்ல.”

“இப்பவா, முன்னாடியேவா?”

“முன்னாடியே. நான் சொன்ன நம்பர் தப்பு. உங்க வீட்டம்மாகிட்ட செங்கோட்டைக்குப் போகச் சொன்னதும் நான்தான். டாக்டர் இல்ல.”

பெஞ்சில் உட்கார்ந்தார். என்னை அடிக்கலாமா என்று யோசிப்பதாக நினைத்தேன். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். “ரெண்டு வருசம் மெஸ் சாப்பாடு சார். ஒண்ணுவிட்ட ஞாயித்துக்கெழம பஸ் ஏறிப் போவேன். போற அன்னைக்கு மட்டும் மில்லு உடுப்பைத் தொடாம, ரெண்டு தடவை குளிச்சிட்டுப் போவேன். புள்ளைக்கு நெஞ்சுல தூசி போயிரக் கூடாதுன்னு தூக்க மாட்டேன். தள்ளி உக்காந்து பேசிட்டு வந்துருவேன்.”

நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் மாவு.

“இசக்கிக்கு எப்பம் தெரியும்?”

கேட்பதற்கு மட்டும் பதில். “நாலாந்தேதி.”

விரல்விட்டு எண்ணினார். “ஒம்பதாந்தேதி ஞாயிறு நான் போயிருந்தேனே. மீன் கொழம்பு வச்சுக் குடுத்தா. ஒண்ணும் சொல்லலியே. ஏன் சார் சொல்லல?”

விடை எனக்குத் தெரியும். விளக்கமாக, உதாரணங்களோடு சொல்ல முடியும். என் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் தர முடியும். வாய் திறந்தது என்பதையும் மறைக்கவில்லை.

“அத அவங்ககிட்டதான் அண்ணாச்சி கேக்கணும். கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் சும்மா இருங்க” என்றேன்.

“சும்மான்னா?”

“குறுக்க பேசாம.”

அவர் எழுந்து போய்விட்டார். கடிதம் பெஞ்சிலேயே கிடந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

சோறு பதமாக வந்தது. ருசி தெரியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

என் எண் 6.7. டாக்டர் என்னை வேலையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். எழுத்தில் ஒரு எச்சரிக்கை தருவாராம். நன்றி சொன்னேன். அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன். அவரே ஆச்சரியப்பட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

இசக்கியம்மாள் ஆஸ்பத்திரி எண்ணில் கூப்பிட்டு என்னைக் கேட்டாள். போனை வாங்கினேன்.

“நீங்க ரெண்டு தடவை எங்க குடும்பத்துல பேசிருக்கீய சார். ஒரு தடவை வாயால, ஒரு தடவை கடுதாசியால.”

தலைவலி என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. “ஆமாம்மா. வேணும்னுதான் செஞ்சேன். தப்புதான்” என்றேன். இதை டைரியில்கூட நான் இவ்வளவு சுருக்கமாக எழுதவில்லை.

அந்தப் பக்கம் பெருமூச்சு. பிறகு அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வந்தாராம். உட்கார்ந்தாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாராம். இவள் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. “அரமணி நேரம் சார். பயமா இருந்துச்சு. அவிய அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல. பெறவு நானே எல்லாத்தையும் சொன்னேன். காம்பு கிள்ளுனது, அந்த வீட்ல என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாதது, எல்லாம்.”

“என்ன சொன்னார்?”

“வெளில போயி கடை போர்டையே பாத்துட்டு நின்னாவ. உள்ள வந்து, ‘பெயிண்ட் உரிஞ்சிருக்கு, அடுத்த வாரம் எழுதுத ஆளக் கூட்டிட்டு வாரேன்’னாவ. அம்புட்டுதான். நான் இங்கதான் இருக்கப் போறேன். லீவுக்குப் புள்ள அங்க போவா. போறப்ப அவளத் தூக்கிக்கிட்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாவ. ஒம்பது வயசுப் புள்ள, காலு தரையில இழுவுது.”

வைப்பதற்கு முன்னால், “இனிமே யாருக்கும் எங்க போகணும்னு சொல்லாதீய சார்” என்றாள். சரி என்றேன்.

பிப்ரவரி 22, சனி

இதையும் எழுதிவிடுகிறேன். எழுதாத வரைக்கும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளும் வசதி எனக்கு இருந்தது.

அண்ணன் மகளுக்குப் பிரசவம் நடந்தது உண்மை. உலகு போனதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. போன ஆகஸ்டில் கோவில்பட்டியில் ஒரு பெண்கள் விடுதியிலிருந்து அவளுக்கு வார்டன் வேலைக்கு உத்தரவு வந்தது. எனக்குத் தெரியாமல் மனுப் போட்டிருக்கிறாள். தபால் வந்தபோது அவள் வீட்டில் இல்லை. நான் பிரித்தேன். இது அவளுக்குச் சரிப்படாது என்று எனக்குத் தெரிந்தது. எது யாருக்குச் சரிப்படும் என்பது எனக்கு எப்போதும் தெரியும். “குடும்பச் சூழ்நிலை காரணமாக இயலவில்லை” என்று அவள் பேரில் நானே பதில் எழுதினேன். நல்ல கையெழுத்து, ஒரு பிழை இல்லை.

ஒரு மாதம் கழித்து விடுதிச் செயலாளர் அவளைப் போனில் கூப்பிட்டு, வருத்தமாக இருக்கிறதே, இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று விசாரித்தார். உலகு அன்றைக்குச் சண்டை போடவில்லை. துவைத்த துணிகளை மடித்து வைத்தாள். என்னுடையது ஓர் அடுக்கு, அவளுடையது ஓர் அடுக்கு. அவள் அடுக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸுக்குப் போனாள். “நீங்க நல்லவருதான். உங்க பக்கத்துல இருந்தா எனக்கு எதுவும் தெரியாதுன்னு எனக்கே தோணிருது” என்றாள். அவள் வார்டனாகத்தான் இருக்கிறாள் என்று அவள் அண்ணன் அக்டோபரிலேயே சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கோவில்பட்டி போனேன். விடுதியில் பார்வையாளர் நேரம் ஞாயிறு நாலிலிருந்து ஐந்து வரை. காவலாளி ஒரு நோட்டை நீட்டினார். பெயர், ஊர், யாரைப் பார்க்க, என்ன உறவு. கடைசிக் கட்டத்தில் ‘கணவர்’ என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னையும் ஒரு தடவை படித்தார். “வார்டனம்மாவையா?” என்று எழுந்து நின்றார். ஆஸ்பத்திரியில் யாரும் எனக்காக எழுந்து நின்றதில்லை.

வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு. உலகு இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்தாள். கண்ணாடி மாற்றியிருக்கிறாள். நன்றாக இருந்தது. சொல்லவில்லை, சொன்னால், பவர் எவ்வளவு, எங்கே வாங்கினாய் என்று தொடர்ந்து போய்விடும் எனக்கு.

“என்ன திடீர்னு?” என்றாள்.

“அந்தக் கடுதாசி எழுதுனது தப்பு. அதச் சொல்லணும்னு வந்தேன்.”

அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். “அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல. இங்க எப்படி இருக்க?”

நம்பவில்லை. நான் மேலே ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு எப்போதும் போல மூச்சு விட முயன்றேன். அது எவ்வளவு சிரமம் என்று பிள்ளைகளிடம் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான். என்னால் எண்ணிக்கொள்ள முடிந்த அளவில் பதினாறு மூச்சு ஆயிற்று.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். நூற்றிருபது பிள்ளைகள். இரண்டாம் மாடியில் ஒரு பெண் தினமும் அழுகிறாளாம்; இவள் அவளுக்குத் தலைவாரிவிடுகிறாள், அழுகை குறைந்திருக்கிறதாம். சமையல்காரம்மா சாம்பாரில் தண்ணீரை ஊற்றுகிறாள், அதைச் சண்டை போடாமல் எப்படி நிறுத்துவது என்று ஒரு வாரம் யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். எப்படி என்று சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. இந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போட ஆரம்பித்து, கணக்கை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் கேட்டேன்.

கடைசியாகத் தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சொன்னாள். சுவிட்சைப் போட்டால் உறுமுகிறதாம், ஓடமாட்டேன் என்கிறதாம். கம்பை விட்டு ஒரு தள்ளு தள்ளினால் ஓடுகிறதாம். மூன்று நாளாக இப்படி. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

ஐந்து மணி அடித்தது. எழுந்தாள். சாவிக்கொத்து குலுங்கியது. “அடுத்த ஞாயிறும் நாலு மணிக்குத்தான் கேட்டு தெறப்பாங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மோட்டாரில் கெப்பாசிட்டர் போயிருக்கிறது. மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை. நான் சொல்லவில்லை.